இரண்டாம் வயலினுக்கு ஒரு ரசிகர்

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆகவே எங்கள் வீட்டில் வெல்லம் வாங்குவதில்லை. ரேஞ்சர் சுபின் சார், நடந்ததை முதலிலிருந்து எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

என் பெயர் பாலமுருகன். அரவேணுவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இருபத்தைந்து வருடமாக நீலமலை நால்வர் குழுவில் இரண்டாம் வயலின் வாசித்து வருகிறேன். 'வாசித்து வந்தேன்' என்று எழுத வேண்டுமோ என்னவோ, அதை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவைப் பற்றி வனத்துறைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஐரோப்பாவில் அந்தக் காலத்து மாளிகைகளில் நாலு பேர் உட்கார்ந்து வாசித்த சங்கீதம் இது. இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா, காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கிற செல்லோ. முதல் வயலின் கீர்த்திவாசன். பேங்க் மேனேஜராக இருந்தவர், குழுவுக்கும் அவர்தான் தலைவர். வயோலா சாந்தாமணி டீச்சர். செல்லோ தேவநேசன், சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். எங்கள் கைவசம் பதினோரு உருப்படிகள். மலர்க் கண்காட்சி, எஸ்டேட் மேனேஜர்கள் விருந்து, ஏழெட்டுக் கல்யாண வரவேற்பு, ஒரு சாவு வீடு என்று எல்லா இடத்திலும் அதே பதினொன்றுதான். சாவு வீட்டில் மட்டும் கடைசிவரை அமைதியாகக் கேட்டார்கள்.

முதல் வயலின் பேசும். இரண்டாம் வயலின் பக்கத்தில் உட்கார்ந்து 'ஆமாங்க, ஆமாங்க' என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதுதான் என் வேலை. நடுநடுவே கீர்த்திவாசன் வில்லை உயர்த்தி எல்லாரையும் நிறுத்துவார். "பாலமுருகன், சுருதி" என்பார். இருபத்தைந்து வருடமாக அந்த இரண்டு சொற்கள். இந்த ஊர் ஈரத்தில் வயலின் தந்தி இறங்கிவிடுவது சகஜம். மற்ற மூன்று பேர் வாத்தியத்தை மட்டும் ஈரம் ஏன் சும்மா விட்டது என்று நான் ஆராயப் போகவில்லை.

குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று தினமும் தனியாகப் பயிற்சி செய்வேன். எஸ்டேட்டின் பழைய கிளப் கட்டடம்தான் எங்கள் ஒத்திகைக் கூடம். அதன் பின் வராந்தாவில் உட்கார்ந்தால் எதிரே தேயிலைச் சரிவு. சுகுணாவுக்கு, அதாவது என் மனைவிக்கு, தெரியாமல் ஒரு பொட்டலம் கடலைமிட்டாயும் பக்கத்தில் இருக்கும்.

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தபோது கரடி வந்தது. ஓடியிருக்க வேண்டும். கால் எழவில்லை. கை மட்டும் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தது. கரடி படியில் உட்கார்ந்து பொட்டலத்தை முழுதாகத் தின்றது. என் பாகம் முடிந்ததும் எழுந்து போனது. நடுவில் ஒருமுறைகூட என்னை நிறுத்தவில்லை. சுருதி என்று சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் அழுதேன் சார். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளிலிருந்து அரைக் கிலோ வெல்லம் வாங்க ஆரம்பித்தேன். பத்து நாளில் சுகுணா கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, தெனமும் வெல்லம் வாங்கறீங்களாமா. ஆருக்கு?"

"என் வாசிப்பைக் கேக்க ஒரு ரசிகர் வர்றாருங்க. அவருக்கு."

"உங்களுக்கு ரசிகரா? கரடி உடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கார்த்திகையில், அதே கிளப் கூடத்தில் வெள்ளிவிழாக் கச்சேரிக்குத் தேதி குறித்தார்கள். அன்றைய ஒத்திகை முடிந்ததும் கீர்த்திவாசன் என் தோளில் கை வைத்தார்.

"செகண்ட் வயலினை மனிஷா வாசிக்கட்டுங்க. பெங்களூருல முறையாப் படிச்ச புள்ள. நீங்க எனக்குப் பக்கத்துல உட்கார்ந்து நோட்டுப் பக்கத்தைத் திருப்புங்க. எல்லாம் உங்களுக்கு மனப்பாடமாச்சே."

"ஆமாங்க" என்றேன். பழகிய வாய்.

எனக்குக் கோபம் வரவில்லை. இந்த வரியை அடிக்கோடிட்டுப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குழுவின் நன்மை ஒன்றுதான் என் கவலை. கால் நூற்றாண்டு ஒன்றாக வாசித்த குழுவில் திடீரென்று ஆள் மாற்றினால் என்ன ஆகும் என்பதை யாராவது எடுத்துக்காட்ட வேண்டும் அல்லவா?

அன்றிலிருந்து பயிற்சி முறையைச் சற்று மாற்றினேன். கச்சேரியின் கடைசி உருப்படியில் என் பாகத்தை மட்டும் வாசிப்பேன். வெல்லத் தட்டைத் தினமும் ஒரு முழம் உள்ளே தள்ளி வைப்பேன். படியிலிருந்து வராந்தா, வராந்தாவிலிருந்து நிலைப்படி, அப்புறம் கூடம், அப்புறம் மேடை. ஒரு மாதத்தில் தட்டு முதல் வயலின் நாற்காலிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. என் வாசிப்புக் கேட்டால் கரடி நேராக அந்த நாற்காலிக்குப் போகும். அது மேடைக்கு நடுவில் இருக்கிற நாற்காலி, அவ்வளவுதான். வேறு உள்நோக்கம் கிடையாது.

மார்கழி ஞாயிறு, மாலை ஐந்து மணி. அறுபது பேர் வந்திருந்தார்கள். நோட்டுப் பக்கங்கள் காற்றில் பறக்கக் கூடாதே என்று முன்கதவையும் பக்கவாட்டுக் கதவையும் நானே தாழிட்டேன். ஈரத்தில் உப்பிய கதவுகள், தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். காற்றோட்டத்துக்காகப் பின்கதவை மட்டும் திறந்து வைத்தேன்.

மனிஷா வாசித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரடி வழக்கமான நேரத்துக்கு வந்து தேயிலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. உருப்படி மேல் உருப்படியாக முடிந்தது. கடைசி உருப்படியும் ஆரம்பமாகி, அதே பாகம் வந்தது. கரடி காதைச் சொறிந்துகொண்டதே தவிர அசையவில்லை. அந்தப் பெண் வாசித்தது சரியில்லை என்று அதற்கே தெரிந்துவிட்டது பாருங்கள். சபையோ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. கீர்த்திவாசன் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அதற்குமேல் எனக்கு அங்கே வேலை இல்லை. பின் வராந்தாவில் என் வயலின் இருந்தது. எடுத்து என் பாகத்தை வாசித்தேன். நாலு வரி முடிவதற்குள் கரடி என்னைத் தாண்டி, பழகிய வழியில், நிதானமாக மேடைக்குப் போனது.

நாற்காலிக்கு அடியில் அன்று வெல்லம் இல்லை. மறந்துவிட்டீர்களா என்று இரண்டு முறை கேட்டீர்கள். மறக்கவில்லை. வைக்கவில்லை.

கீர்த்திவாசனின் இடது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்கிறார்கள். அவருக்கு மேல் ஸ்தாயி எப்போதுமே சிரமம்தான். தேவநேசன் செல்லோவைக் கேடயமாகப் பிடித்து டீச்சரையும் மனிஷாவையும் காப்பாற்றினார். செல்லோவை வைத்து அவர் செய்த நல்ல காரியம் அது ஒன்றே. கதவருகே நெரிசலில் நாலு பேருக்கு எலும்பு முறிவு. சுகுணா மூன்றாவது வரிசையில் இருந்தாள் என்று சொன்னேனா? கால் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள் சொன்னது இதுதான்.

"அன்னைக்கே சொன்னனுங்களே, கரடி உடாதீங்கன்னு."

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மறுநாள் பேப்பரில், விருந்தினருக்கு வைத்திருந்த நெய் மைசூர்பாகு வாசனைக்குக் கரடி வந்ததாகப் போட்டிருந்தார்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. மைசூர்பாகுக்காம்! உடனே பஸ் ஏறி உங்கள் ஆபீசுக்கு வந்தேன்.

"சார், நீங்களுமா கரடி விடறீங்க" என்று சிரித்தீர்கள். சோதித்துப் பாருங்கள் என்றேன். நீங்கள் பிடித்து அடைத்திருந்த கரடியின் கூண்டுக்கு எதிரே, கச்சேரியில் மனிஷா வாசித்த பதிவைப் போனில் போட்டீர்கள். கரடி தூங்கிக்கொண்டே இருந்தது. பிறகு நான் வாசித்தேன். சட்டென்று எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்தது. நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்தீர்கள். அப்போதுதான் என்னை நம்பினீர்கள்.

ஆகவே மேலே கண்ட எல்லாவற்றையும் நான் தெரிந்தே, சுயநினைவோடு செய்தேன். கரடிமேல் ஒரு குற்றமும் இல்லை. அதை முதுமலைக் காட்டில் விடப்போவதாகச் சொன்னீர்கள். அதற்கு முன்னால், கையில் விலங்கோடு ஆனாலும் சரி, ஒரே ஒரு ஞாயிறு அதற்கு நான் வாசிக்க அனுமதிக்க வேண்டும். சங்கீதம் தெரிந்த ஜீவன் சார் அது. தட்டில் வெல்லம் இருக்கும்வரை ஒருநாளும் நடுவில் எழுந்து போனதில்லை.