தாளின் குழிப்பக்கம்

ராத்திரி பத்தரை இருக்கும்ங்க. அன்னூர்ல இருந்து உள்ள பிரியற ஒத்தை ரோடு. ரெண்டு பக்கமும் சோளக்காடு... அதையும் தாண்டினா ஒண்ணுமே வெதைக்காத வெத்துக் காடு. லைட்டு கெடையாது. எதிர்ல ஒரு வண்டி வரல. ஒரு பொம்பளை ஸ்கூட்டர்ல போறாங்க. பின்னாடி ஒம்பது வயசுப் புள்ளை, அம்மா இடுப்பைக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்குது. அந்தப் புள்ளைக்குக் கண்ணு தெரியாது.

ரைஹான், பஸ் சன்னலை ஏத்தி உடு, பனி உள்ள வருது. முன்னாடி கொண்டை ஊசி வளைவுல லாரி மாட்டிக்கிச்சாம், வால்பாறை போய்ச் சேர நேரமாகும்னு டிரைவரே சொல்லிப்போட்டார். தூங்கறவங்க தூங்குங்க. கேக்கறவங்க கிட்ட வாங்க, நான் கத்திப் பேசமாட்டேன்.

மொதல்லயே சொல்லிப்போடறேன்... எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கெடையாது. எங்க மாமியார் திருஷ்டி சுத்திப் போட வெச்ச எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு சர்பத் போட்டுக் குடிச்சவ நான். ஆனா இது நம்ம ஆபீஸ் டீனாவோட அண்ணிக்கு நடந்தது. டீனா இந்த டூருக்கு வரல, அதனாலதான் வாயைத் தொறக்கறேன். அவகிட்டப் போய் யாரும் கேட்டு வெக்காதீங்க. கேட்டா அவளுக்கு மூஞ்சி வெளுத்துரும்.

அண்ணி பேரு சாராள். டீனாவோட அண்ணன் ஜெப்ரிக்கு ஈரோடு ஜங்சன்ல வேலை, பாதி நாள் ராத்திரி ஷிப்டு. ஒரே புள்ளை, ஜெனிஷா. சின்னதுல காய்ச்சல் வந்து பார்வை போயிருச்சு. அப்பறம் அந்தப் புள்ளையை சாராள் ஒரு நிமிசம் தனியா உட்டதில்லை. புள்ளை படிக்கற பள்ளிக்கூடத்துலயே வேலைக்குச் சேந்துட்டாங்கன்னாப் பாத்துக்கங்க. கண்ணு தெரியாத புள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். பேரு வேண்டாம்ங்க.

அங்க அண்ணிக்கு என்ன வேலைன்னா, படம் போடற மெஷினை ஓட்டறது. கம்ப்யூட்டர்ல ஒரு படம் வரைஞ்சு அனுப்பினா, மெஷின்ல ஒரு ஊசி இப்படியும் அப்படியும் ஓடி, கெட்டித் தாள்ல புள்ளி புள்ளியாக் குத்தும். டக்டக்டக்டக்னு. தையல் மெஷினாட்டம் சத்தம். மேல இருந்து குத்தறதுனால மேல்பக்கம் குழி, அடிப்பக்கம் மேடு. அந்த மேட்டைப் புள்ளைக வெரல்ல தடவிப் பாக்கும். தவளை, பூ, இந்தியா மேப்பு... எல்லாம் அப்படித்தான் அதுகளுக்குத் தெரியும்.

"அப்ப மேல இருந்து பாக்கறவங்களுக்குப் படம் திரும்பித் தெரியாதுங்களா?"

பாத்தீங்களா, ரைஹானுக்கு மூளை இருக்குது. ஆமா. மெஷின்ல ஓடறப்போ நம்ம கண்ணுக்கு இடது வலது மாறித்தான் தெரியும். தாளை எடுத்துத் திருப்பினாத்தான் சரியான படம். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு அண்ணி சொல்லித் தர்ற மொதப் பாடமே அதுதான்.

சரி, அந்த ராத்திரிக்கு வாரேன். பள்ளிக்கூடம் புது எடத்துக்கு மாறுது. யாரோ ஒருத்தரோட பழைய தோட்டம், தென்னையெல்லாம் வெட்டிப்போட்டுக் கட்டடம் கட்டியிருக்காங்க. விடிஞ்சாப் புள்ளைக வந்து எறங்குது. புது எடம் பழகறதுக்கு ஆளுக்கொரு மேப்பு, தொட்டுப் பாக்கற மேப்பு. எல்லாம் போட்டு அடுக்கியாச்சு. அன்னைக்குச் சாயங்காலந்தான் ஹெட்மாஸ்டருக்கு ஒறைச்சுது, மேஸ்திரி கக்கூஸை எடம் மாத்திக் கட்டிப்போட்டார்னு. மேப்பு பூராத் தப்பு. ஃபோனைப் போட்டு அண்ணியைக் கெஞ்சினார். ஜெப்ரிக்கு அன்னைக்கு ராத்திரி ஷிப்டு. புள்ளையைத் தனியா ஊட்டுல உட முடியுமா... கூடவே கூட்டிட்டுக் கெளம்பிட்டாங்க.

கேட்ல வாட்ச்மேன் நஞ்சுண்டன். "இந்நேரத்துலயா அம்மணி? சீக்கிரம் முடிச்சுப்போட்டுப் போயிருங்க"ன்னு சொல்லிப் பூட்டைத் தொறந்து உட்டார். கேட்டுக்கும் கட்டடத்துக்கும் நல்ல தூரம்ங்க. மெஷின் ரூமு நடுவுல. வாசல்ல நின்னு வெளிய பாத்தா எடது பக்கம் சமையல்கட்டு, வலது பக்கம் துணி காயப்போடற எடம். சமையல்கட்டுக்குப் பின்னாடி ஒரு கெணறு இருந்துது. அதைக் கல்லு மண்ணு கொட்டி மூடிப்போட்டாங்க. அது எல்லாருக்கும் தெரியும்.

புள்ளையைக் கதவோரத்துப் பெஞ்சுல உக்கார வெச்சுப்போட்டு, அண்ணி மேப்பைத் திருத்தி மெஷினை ஓட்டறாங்க. டக்டக்டக்டக்... கட்டடம் வந்துது. கேட்டு வந்துது. நல்லாத்தான் ஓடுது.

கடைசில ஒரு வட்டம் போட்டுதுங்க.

அண்ணி வட்டமே போடல. ஸ்கிரீன்ல பாத்தா வட்டம் இல்லை. தாள்ல இருக்குது. எடது பக்கமா. அப்ப அது சமையல்கட்டுக்கு அந்தாண்டைன்னு அண்ணி எடுத்துக்கிட்டாங்க. சரி, பழைய மேப்புல மூடின கெணறு எங்கயோ ஒட்டிட்டு இருக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சு, அந்தத் தாளை உருவிப் பெஞ்சுக்குப் பக்கத்துல இருந்த கூடைல போட்டாங்க. வீணாப் போன தாளை யாரு திருப்பிப் பாக்கறாங்க?

மறுபடி ஓட்டினாங்க. மறுபடி வட்டம். அதே எடம், முன்னைவிட ஆழமாக் குத்தியிருக்குது. அதையும் கூடைல போட்டாங்க. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டு, படத்தை மொதல்ல இருந்து புதுசா வரைஞ்சாங்க. ஓட்டினாங்க. வட்டம்... இந்தத் தடவை தாள் கிழியற அளவுக்கு.

அப்பத்தான் ஒரு வாடை வந்துதுங்க. பாசி வாடை. நனைஞ்ச கயித்து வாடை. புதுச் சுண்ணாம்பு அடிச்ச ரூமுக்குள்ள அது எப்படி வரும்?

அண்ணிக்குக் கோவம். பயத்தைக் கோவமாக் காட்டற ஆளு அவங்க. போய்க் கேபிளைப் புடுங்கினாங்க. பிளக்கையும் புடுங்கிப்போட்டாங்க. மெஷின் லைட்டு அணைஞ்சுது. சத்தம் நின்னுது.

சித்த நேரம்...

டக்.

ஒரே ஒரு புள்ளி.

டக்.

இன்னொண்ணு.

கரண்டு இல்லை. ஒயர் தரைல கெடக்குது. ஊசி மட்டும் தானா நகருது. டக்... டக்... மெதுவா. எப்பவும் ஓடற ஓட்டம் இல்லைங்க அது. அண்ணி குனிஞ்சு பாத்தாங்க. மெஷின் ரூம் வாசல்ல இருந்து ஒரு புள்ளி வரிசை. வட்டத்தைப் பாத்துப் போகுது. ஒரு புள்ளி, ஒரு இடைவெளி. ஒரு புள்ளி, ஒரு இடைவெளி...

யாரோ நடக்கற மாதிரி.

அண்ணி திரும்பிப் பெஞ்சைப் பாத்தாங்க. ஜெனிஷா இல்லை.

கதவு தொறந்திருக்குது. செருப்பு ரெண்டும் பெஞ்சுக்கடியில. புள்ளையோட மடக்கற வெள்ளைக் குச்சி இல்லை. கூடைல போட்ட தாள்ல ஒண்ணு கொறையுது. அந்த வயசுப் புள்ளைக்கு வெரல் சும்மா இருக்குமா? வீணாப் போன தாளை எடுத்துத் தடவியிருக்குது. புதுசா ஒரு வட்டம் தட்டுப்பட்டிருக்குது. அது என்னன்னு போய்ப் பாக்கலாம்னு எந்திரிச்சு நடந்துருச்சு. இந்த மெஷின் சத்தத்துல அம்மாவுக்குக் கேக்கல.

டக்... டக்...

வட்டத்துக்கும் புள்ளிக்கும் நடுவுல இவ்வளவுதான் எடம் மிச்சம்.

அண்ணி ஃபோன் லைட்டைப் போட்டுட்டு வெளிய ஓடினாங்க. எடது பக்கம். தாள்ல அப்படித்தானே பாத்தாங்க! சமையல்கட்டைச் சுத்தி, மூடின கெணத்து மேலயே ஏறி நின்னு, "ஜெனிஷா! கண்ணு!"ன்னு கத்தறாங்க. காலடில கெட்டி மண்ணு. சுத்திலும் ஒண்ணும் இல்லை. தூரத்துல மெஷின் மட்டும்... டக்... டக்...

அப்பத்தான் பொறி தட்டுச்சு. குழிப்பக்கம்! மெஷின்ல அண்ணி பாத்தது குழிப்பக்கம், புள்ளை தடவினது மேட்டுப்பக்கம். எடதுன்னா வலது. ஊருக்கெல்லாம் சொல்லித் தர்ற பாடம், பெத்த புள்ளைன்னு வந்தப்போ மறந்துபோச்சு. எனக்கும் புள்ளை இருக்குது.

திரும்பி ஓடினாங்க. சேலை தடுக்கி உழுந்தாங்க, எந்திரிச்சு ஓடினாங்க. மெஷின் ரூமைத் தாண்டறப்போ...

சத்தம் நின்னுபோச்சு.

அந்த நிமிசம் எப்படி இருந்துருக்கும்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க. "கர்த்தரே, எம் புள்ளை, எம் புள்ளை"ன்னு சொல்லிட்டே துணிக்கொடியை அத்துட்டுப் போறாங்க.

புள்ளை நின்னுட்டு இருந்துது. துணி காயப்போடற எடத்துக்கு அந்தாண்டை, புல்லு மொளைச்ச மண்ணுல. அசையாம. குச்சி முன்னாடி நீட்டின மாதிரியே இருக்குது. குச்சி நுனி தட்டற எடத்துல மண்ணுச் சத்தம் இல்லைங்க. டொங்... டொங்... தகரம்.

அண்ணி அப்படியே புள்ளையை அள்ளிப் பின்னாடி இழுத்துப்போட்டாங்க. இழுத்த வேகத்துல ஒரு கல்லு உருண்டு தகரத்து மேல போய் உழுந்துது. துருப்புடிச்ச தகரம், பொத்துக்கிச்சு. கல்லு உள்ள போச்சு. சத்தமே இல்லை... ரொம்ப நேரம் சத்தமே இல்லை... அப்பறம் அடியில, ளொப்.

"ஏங்கண்ணு இங்க வந்தே?"

"இந்த வட்டம் என்னன்னு பாக்கலாம்னு வந்தேனுங்கம்மா. நில்லுன்னு அக்கா சொன்னாங்க. நின்னுட்டேன்."

"எந்த அக்கா?"

"இந்த அக்காதானுங்க."

அண்ணி லைட்டைச் சுத்திலும் அடிச்சாங்க. யாரும் இல்லை. பாசி வாடை மட்டும் மூக்கைத் தொளைக்குது. அதுக்கு மேல அவங்க ஒண்ணும் கேக்கல. மொதல்ல இங்க இருந்து போயிரணும். இன்னும் எங்கெங்க பள்ளம் இருக்குதோ, யாரு கண்டது? அதனால புள்ளையைப் பின்னாடி வரச் சொன்னாங்க. கண்ணு தெரியாதவங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு முறை இருக்குதுங்க. நாம அவங்க கையைப் புடிச்சு இழுக்கக் கூடாது. அவங்கதான் நம்ம முழங்கையைப் புடிச்சுட்டு, பின்னாலயே வருவாங்க. நெறையப் பேருன்னா ஒருத்தர் முழங்கையை ஒருத்தர் புடிச்சுட்டு வரிசையா வருவாங்க. "முழங்கையைப் புடி கண்ணு, நான் கால் வெச்ச எடத்துலயே கால் வெய்"னு சொல்லிப்போட்டு அண்ணி முன்னால நடந்தாங்க.

முழங்கையை ஒரு கை புடிச்சுது. சில்லுனு. ஈரமா. புள்ளை பயந்து வேர்த்துருச்சுன்னு நெனச்சாங்க. "வாரியா கண்ணு?"ன்னாங்க.

"வாரேனுங்கம்மா."

அந்தக் கொரல்... முழங்கைகிட்ட இருந்து வரலைங்க. இன்னும் ரெண்டடி தள்ளி, பின்னாடி இருந்து வந்துது.

அண்ணி திரும்பிப் பாக்கல. நாமளா இருந்தாத் திரும்பிப் பாத்திருப்போம்னு நீங்க சொல்லலாம், நானா இருந்தா ஓடியே போயிருப்பேன். ஆனா அவங்க ஓடினாப் புள்ளை பின்னாடி நின்னுபோகும்ல? பல்லைக் கடிச்சுட்டு, ஒவ்வொரு அடியா மண்ணைத் தட்டிப் பாத்து, நடந்தே வந்து சேந்தாங்க. ரூமுக்குள்ள கால் வெச்சதும் முழங்கைப் புடி உட்டுப்போச்சு. திரும்பினா, வாசப்படிக்கிட்ட ஜெனிஷா மட்டும்.

மெஷின்ல அந்தத் தாள் இருந்துது. அண்ணிக்குப் பாக்கத் துணிவில்லை. புள்ளைதான் கேட்டு வாங்கி, மடில வெச்சு, வெரலை ஓட்டுச்சு.

"இது நான் போனதுங்கம்மா. ஒரு வரிசை." வெரல் வட்டத்துக்கிட்டப் போய் நின்னு திரும்புச்சு. "இது நாம வந்தது. ஒண்ணு... ரெண்டு... மூணு வரிசைங்க. முன்னாடி நீங்க. கடைசில நானு."

"நடுவுல?"

"அக்காதானுங்க. நான் அவங்க முழங்கையைத்தான புடிச்சுட்டு வந்தேன்."

அண்ணி ரவிக்கைக் கையைத் தொட்டுப் பாத்தாங்க. நாலு வெரல் அளவுக்குச் சொதசொதன்னு ஈரம். பாசிப் பச்சையா.

விடிஞ்சதும் ஜேசிபி கொண்டாந்து தோண்டினாங்க. பெரிய கெணறு. தகரத்தைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடியிருக்குது, எந்தப் பத்திரத்துலயும் இல்லையாம். தண்ணியெல்லாம் எறைச்சுப் பாத்தாங்க. எலும்பு கிலும்பு ஒண்ணும் இல்லைங்க. அக்கம்பக்கத்துத் தோட்டத்துல விசாரிச்சாங்க. அந்தத் தோட்டத்துல எந்தப் புள்ளையும் தவறலன்னுட்டாங்க. சுத்திச் சுவர் வெச்சாங்க. மேப்புல அந்த வட்டம் இப்ப முறைப்படி இருக்குது. அவ்வளவுதான், டீனா எனக்குச் சொன்னது.

இனிமேச் சொல்றது நானே பாத்தது.

போன ஆவணில டீனாவோட தம்பி லியோவுக்குக் கல்யாணம். ஈரோட்டுல சர்ச்சு, அப்பறம் மண்டபத்துல பிரியாணி. நான் பந்தில உக்காந்திருந்தேன். எனக்கு எதிர் வரிசைல ஜெனிஷா, கூடப் படிக்கற புள்ளைகளோட சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிட்டுட்டு இருந்தா. சாராள் அண்ணி மாடில இருந்து எறங்கி வந்தாங்க. தனியா.

வலது முழங்கையைக் கொஞ்சம் வெளிய நீட்டிட்டு வந்தாங்க. படிக்கட்டுக்கிட்ட ஒரு நிமிசம் நின்னாங்க. "படி"ன்னு மெதுவாச் சொன்னாங்க. ஒவ்வொரு படியா, சித்த நேரம் காத்திருந்து காத்திருந்து எறங்கினாங்க. கீழ வந்ததும், "அவ்வளவுதான் கண்ணு, முடிஞ்சுது"ன்னாங்க. அப்பறம் பந்திக்கு வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. ஒரு ஆளு உக்கார்ற நேரம் நின்னாங்க.

பொறவு அதுக்குப் பக்கத்து நாற்காலில அவங்க உக்காந்தாங்க.