கேள்விக்கும் கேள்விக்கும் நடுவில்

– ...அதனாலதான் நட்சத்திரம் மின்னுது. நடுவுல காத்து ஆடுது, வெளிச்சமும் கூடவே ஆடுது. போதுமா?

– போதாது. விளக்கம் சொல்ற வேலைக்கான இன்டர்வியூல இப்படி ரெண்டே வரியில முடிச்சீங்கன்னா, இன்னும் ஆறு வருஷம் அதே கோளரங்க வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான்.

– வாழ்த்தற அழகைப் பாரு! நிறைமாசக்காரி, வீட்ல படுத்திருக்கலாம்ல? யாரு உன்னைக் கூட வரச் சொன்னா?

– தனியா விட்டா பாதி வழியில பயந்து திரும்பிடுவீங்க. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.

– சரிங்க டீச்சரம்மா.

– ...

– என்ன, மேம்பாலமே ஏறியாச்சு, சத்தத்தையே காணோம்?

– யோசிச்சுட்டு இருந்தேன்... ம்ம்... அடுத்த கேள்வி. சூரியன் அப்படி எரியுது. அப்புறம் ஏன் விண்வெளி கறுப்பா இருக்கு?

– இங்க காத்து இருக்கு. வெளிச்சத்தை நாலா பக்கமும் வாரி இறைக்குது, வானம் நீலமாத் தெரியுது. அங்க இறைக்க ஆளில்ல. வெளிச்சம் அது பாட்டுக்கு நேரா போயிடும்... ஏன் கதவைப் பிடிச்சுத் தொங்கறே?

– நீங்க ஓட்டற லட்சணம் அப்படி. நிறுத்தாதீங்க... நீளமா சொல்லுங்க.

– நிலாவுல நின்னா, பட்டப்பகல்ல, சூரியனுக்குப் பக்கத்திலேயே கறுப்பு வானம் தெரியும்... வேர்க்குது உனக்கு.

– வெயில்ல வேர்க்காம?

– சரி, பெட்ரோல் முள்ளு கீழ கிடக்கு. பங்க்ல நிறுத்தறேன். இறங்காதே.

– ...வந்துட்டீங்களா? பெட்ரோல் போட இவ்வளவு நேரமா? போன்ல யாரு?

– வந்துக்கிட்டே இருக்கோம்னு சொல்லிட்டேன்.

– நல்லவேளை. லேட்டானா வெளிய நிறுத்திடுவாங்க.

– யோவ்! லாரியை நகத்துய்யா!

– இன்னும் ரெண்டரை கூட ஆகல. மூணு மணிக்குத்தானே? எதுக்கு சும்மா சும்மா மணி பாக்கறீங்க?

– பழக்கம்.

– பயமா இருக்கா? அவங்க ஒண்ணும் உங்களைத் தின்னுட மாட்டாங்க... ஹா... அடுத்தது. விண்வெளியில அழுதா... கண்ணீர் எங்க போகும்?

– எங்கயும் போகாது. கீழ விழாது. கண்ணு மேலேயே உருண்டையாத் திரண்டு நிக்கும். அழ அழப் பெருசாகும். துணியால ஒத்தி எடுத்தாத்தான் உண்டு... இந்தா, கர்ச்சீப்.

– எனக்கெதுக்கு?

– பிடி.

– தூசி விழுந்துடுச்சு. அவ்வளவுதான்.

– ஜன்னல் கண்ணாடி ஏத்தித்தானே இருக்கு.

– உங்க கண்ணுதான் கண்ணு! ஓட்டுங்க பேசாம.

– ஓட்டறேன். அப்பாடா, லாரி போயிடுச்சு.

– ...என்னங்க.

– சொல்லு.

– அங்க... கத்தினா... யாருக்காவது கேக்குமா?

– கேக்காது. காத்து இல்லாம சத்தம் நகராது. பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காது. ஆனா, ரெண்டு ஹெல்மெட்டும் முட்டிக்கிட்டா கேக்கும். அவ்வளவு பக்கத்துல இருக்கணும்.

– எங்க திரும்பறீங்க? கோளரங்கம் நேரா!

– தெரியும்.

– இது ஆஸ்பத்திரி ரோடு! எனக்கு ஒண்ணும் இல்ல, வண்டியைத் திருப்புங்க!

– மாட்டேன்.

– ஆறு வருஷமா இந்த வேலைக்குத்தானே காத்திருந்தீங்க? மறுபடி எப்போ கூப்பிடுவாங்களோ... இன்னும் ஒரு மணி நேரம் தாங்குவேங்க!

– நீ தாங்குவே. உள்ள இருக்கிற ஆள் தாங்கணுமே. கல்யாணமாகி நாலு வருஷத்துல ஒரு நாளாவது நிலா எதுக்குத் தேயுதுன்னு கேட்டிருக்கியா? இன்னைக்கு வலி வர்றப்பல்லாம் ஒரு கேள்வி. முதல் கேள்விக்கும் அடுத்ததுக்கும் பன்னண்டு நிமிஷம். அப்புறம் எட்டு. இப்போ நாலு. மணி எதுக்குப் பாத்தேன்னு நினைச்சே?

– திருடா... அப்போ, பங்க்லேர்ந்து பேசினப்போ வந்துக்கிட்டே இருக்கோம்னு சொன்னீங்களே? அவங்க காத்திருப்பாங்களே!

– கோளரங்கத்துக்கு வரலைன்னு சொல்லிட்டேன். வந்துக்கிட்டே இருக்கோம்னு சொன்னது பிரசவ வார்டுக்கு. அதோ, ஸ்ட்ரெச்சரோட நிக்கறாங்க பாரு. இறங்கு, என் தோளைப் பிடிச்சுக்கோ... இங்க காத்து நிறையவே இருக்கு. தாராளமா கத்து.