வேர்ச்சாறு ஊற்றிய பள்ளம்

என் பெயர் சிந்துஜா, வயது 26, தகப்பனார் பெயர் சுப்புராயன், சொந்த ஊர் கம்மாபுரம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தற்போது அண்ணாமலை நகரில் வாடகை அறையில் தங்கி, சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில் மூன்று வருடமாக முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவின் புழுக்களைக் கொழிஞ்சிச் செடியின் சாற்றால் கொல்ல முடியுமா என்பது என் ஆய்வு.

புவனகிரி அருகே வைத்திலிங்கம் என்பவர் மீன் குத்தகை எடுத்த குட்டையை ஒட்டி, செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று உள்ளது. அதில் கொசுப்புழு நிறைய இருந்ததால் ஊராட்சியில் அனுமதி பெற்று 9.10.2009 மாலை சாறு ஊற்றினேன். எந்தச் சாற்றையும் முதலில் மீன்குஞ்சுத் தொட்டியில் சோதித்த பிறகே வெளியில் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் ஆய்வக வழக்கம். இலைச்சாற்றை அப்படிச் சோதித்திருந்தேன். அன்று அது போதாததால் ஆய்வக அலமாரியில் இருந்த வேர்ச்சாற்றையும் கலந்து, சோதிக்காமல் ஊற்றினேன். எங்கள் வயலில் உரத்துக்கு வேரோடு மடக்கி உழும் செடிதானே, கெடுதல் செய்யாது என்று நினைத்தேன்.

மறுநாள் விடியலில் கனமழை. அதன் பிறகு பத்து மணிக்குப் புழுக்களை எண்ணப் போனேன். பள்ளம் நிரம்பிக் குட்டைக்குள் வழிந்துகொண்டிருந்தது. கெண்டைகள் செத்து மிதந்தன, சில மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. தண்ணீரில் பூச்சிமருந்து நாற்றம் இல்லை.

வைத்திலிங்கம், "ஏலத்துல தோத்துட்டான்ல, அந்த வயித்தெரிச்சல். அய்யனார் பயதான் மருந்த ஊத்திட்டான்" என்று எல்லோரிடமும் கத்தினார். அவர் கொடுத்த புகாரில், குட்டைக் குத்தகை ஏலத்தில் அவரோடு போட்டியிட்டுத் தோற்ற அய்யனாரை அன்றே கைது செய்தார்கள். நான் அங்கேயே நின்றும் எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகு 13-ந் தேதி மறுபடி போனபோது அய்யனாரின் மனைவி இருசம்மாள் என்னிடம் வந்து, "நீ படிச்ச பொண்ணு, தண்ணியப் பாத்தே கண்டுபுடிப்பியாம். எம் புருசன் ஊத்தலன்னு ஒரு வார்த்த எழுதிக் குடு பாப்பா" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை ஆய்வகத்தில் இரண்டு தொட்டிகளில் பத்துப் பத்துக் கெண்டைக் குஞ்சுகளை விட்டு, ஒன்றில் இலைச்சாறும் மற்றதில் வேர்ச்சாறும் ஊற்றினேன். வேர்ச்சாற்றில் விட்ட பத்தும் நாற்பது நிமிடத்தில் மல்லாந்துவிட்டன. இலைச்சாற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை.

அதன் பிறகு என் ஆய்வு நெறியாளர் திருநாவுக்கரசு அவர்களிடம் குறிப்பேட்டைக் காட்டினேன். அவர், "அவன் ரெண்டு நாள்ல ஜாமீன்ல வந்துடுவான். உனக்குப் போன மூணு வருசம் திரும்பி வருமா? அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு வேலயப் பாரும்மா" என்றார். நான் கிழிக்கவில்லை. இன்று 15.10.2009 காலை முதல் பேருந்தில் காவல் நிலையம் வந்து குறிப்பேட்டையும் மீதி வேர்ச்சாற்றையும் ஒப்படைத்துள்ளேன். அய்யனாருக்கும் மீன்கள் செத்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் சொன்னதை எழுதிய காவல் உதவி ஆய்வாளர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். "மழையால் எதிர்பாராமல் நேர்ந்தது" என்று ஓரிடத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டு, "சோதிக்காமல் ஊற்றினேன்" என்று எழுதச் சொன்னேன். "இப்புடி எழுதுனா ஒம் மேலதாம்மா கேஸ் வரும்" என்றார். தெரியும் என்றேன். மாற்றி எழுதினார். இதில் உள்ளது அவ்வளவும் நடந்தது, யாரும் சொல்லித்தந்து நான் சொல்லவில்லை.

(ஒப்பம்)
சு. சிந்துஜா