மாமாவின் காரை உருளைமேல் ஏற்றியது தொடர்பாக

என் பெயரும் கதவு எண்ணும் மேலே எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்து நான்கு. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்து வருகிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று உதவி ஆய்வாளர் கேட்டார், அதற்கும் இந்தப் புகாருக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன், அவரும் விட்டுவிட்டார். புகார்தாரர் என் அக்காவின் கணவர், தொழில் ஆடிட்டர். அவரும் அக்காவும் கீழ்த்தளத்திலும் நான் மாடி அறையிலுமாக ஒரே வீட்டில் குடியிருந்து வருகிறோம். எங்களுக்குள் முன்விரோதம் கிடையாது. வாய்ச்சண்டை தினமும் உண்டு.

மாமாவிடமும் என்னிடமும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி ஸ்போர்ட்ஸ் கார் ஆளுக்கொன்று இருக்கிறது. இரண்டும் பழசாக வாங்கியவை. இரண்டிலும் டர்போ உண்டு, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் ஒரு விசிறி. என்னுடையது சின்ன டர்போ, கம்பெனிக் கணக்குப்படி 350 குதிரைத்திறன். மாமாவுடையது பெரிய டர்போ, 400. இந்த ஐம்பதை வைத்துக்கொண்டு மாமா என்னைப் படுத்திய பாட்டை எழுத இந்த நிலையத்தில் உள்ள தாள் போதாது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாக, "என்ன மச்சான், சின்ன டர்போ எந்திரிச்சிருச்சா?" என்பார். நானும் சும்மா இருந்ததில்லை. அவ்வளவு பெரிய டர்போவை வைத்துக்கொண்டு ஊர்வலம் போகிற மாதிரி ஓட்டுகிறீர்களே என்பேன். இப்படித்தான் எங்கள் பொழுது விடியும்.

சென்ற மாதம் அக்கா, வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கும் தன் தொழிலுக்குப் பெரிய ஓவன் ஒன்று வாங்கப் போவதாகவும், அதை வைக்கக் கார் ஷெட்டில் பாதி இடம் வேண்டும் என்றும், ஆகவே இரண்டு காரில் ஒன்றை விற்றாக வேண்டும் என்றும் சொன்னாள். எதை என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் கத்துது, ரெண்டும் ஒரு பால் பாக்கெட் வாங்கக்கூடப் போனதில்ல. நீங்களே பேசி முடிங்க," என்றாள். அதன்பிறகு மாமா, எந்தக் காருக்குச் சக்தி குறைவோ அது போகட்டும், அளந்தே பார்த்துவிடலாம் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். தோற்கப் போவது என் கார்தான் என்று தெரிந்தும் வீம்புக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு காரையும் திறன் அளக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே தரையில் பதித்த இரும்பு உருளைகள்மேல் காரின் சக்கரங்களை நிறுத்தி, நான்கு பக்கமும் பட்டை போட்டுக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். சக்கரத்துக்கு வந்து சேரும் திறன் எவ்வளவு என்று திரையில் எண் வரும். கம்பெனி சொல்வதைவிட அது எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பட்டறைக்காரர் நாள் முழுக்கக் காதடைப்பு மாட்டியிருப்பதால் எல்லாரிடமும் கத்தியே பேசுவார், ஆகவே அவருக்கு ஸ்பீக்கர் என்று பெயர். முதலில் என் காரை ஏற்றினார், 308 வந்தது. அதன்பிறகு மாமாவின் காரை ஏற்றினார், 301 வந்தது. ஆறவைத்து மறுபடி ஓட்டினார், 299 வந்தது.

மாமா இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை, ஸ்பீக்கரையும் திட்டவில்லை. ஆடிட்டர் என்பதால் எண்ணோடு சண்டை போட்டுப் பழக்கம் இல்லாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி, அளந்தாச்சு," என்றார். நான் வீடு வரை பாடிக்கொண்டே வந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மறுநாள் காலையில் மாமாவின் ஜன்னல் திறக்கவில்லை. அன்றே ஒரு கண் டாக்டர் மாமாவின் காரை வாங்கிக்கொள்வதாகவும், புதன்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகவும் பேச்சு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மாமா காருக்குப் பெட்ரோல் நிரப்பக் கிளம்பி என்னையும் கூப்பிட்டார். விற்கப் போகிற வண்டிக்கு எதற்கு என்று கேட்டேன். "அடுத்த வீட்டுக்குப் போறத வெறும் வயித்தோடயா அனுப்புறது?" என்றார். பெட்ரோல் பங்கில் அவர் சாதாப் பெட்ரோல் குழாயைக் கைகாட்டியபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. எப்போதும் இதையா போடுகிறீர்கள் என்று கேட்டேன். "வாங்கின நாள்லேருந்து இதான். பெட்ரோல்ல என்ன மச்சான் சாதா, ஒசத்தி? அதெல்லாம் நம்ம தலையில மொளகா அரைக்கிற வேல," என்றார்.

உதவி ஆய்வாளர் கேட்டதால் விளக்குகிறேன். பெரிய டர்போ காற்றை அதிகமாக அமுக்குவதால், சாதாப் பெட்ரோல் அதில் நேரத்துக்கு முன்பே வெடித்து இன்ஜினைத் தட்ட ஆரம்பிக்கும், அதை உணர்ந்து காரே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். மாமாவின் கார் இத்தனை நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறது. நான் என் காருக்கு உயர்தரப் பெட்ரோல் தவிர வேறு எதையும் போட்டதில்லை. நான் சாப்பிடாமல் இருந்தாலும் இருப்பேன்.

இதை அப்போதே அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என் கார் போய்விடும். அன்று சாயங்காலம் வரை என் எண்ணம் சொல்லாமலே இருந்துவிடுவதுதான். அதன்பிறகு ஷெட் பக்கம் போனபோது, மாமா கீழே உட்கார்ந்து பழைய பனியன் துணியால் அந்தக் காரின் கதவு ரப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "டாக்டர் நல்லா பாத்துக்குவாருல்ல மச்சான்?" என்று கேட்டார். மனுஷன் என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அப்போதும் சொல்லாததற்குக் காரணம் உண்டு. தோற்றவன் மறுபடி அளக்கச் சொல்வது அசிங்கம் என்று அவர் அக்காவிடம் சொல்லியிருந்தார், சொன்ன பேச்சை மாற்றுகிற ஆள் இல்லை. பெட்ரோல் விஷயத்தை நம்பவும் மாட்டார். ஆகவே இன்று புதன்கிழமை காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது சாவியை எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினேன். சொல்லாமல் எடுத்தது உண்மை. திருடவில்லை. பட்டறைக்குப் போய், ஸ்பீக்கரை வைத்துத் தொட்டியிலிருந்த பெட்ரோலை முழுக்க வடித்து, உயர்தரப் பெட்ரோல் ஊற்றி, புது பெட்ரோலுக்கு இன்ஜின் பழகட்டும் என்று புறவழிச் சாலையில் ஓட்டி வந்து, அதன்பிறகு உருளைமேல் ஏற்றினேன். இருவரும் காதடைப்பு போட்டிருந்ததால் மாமாவும் அக்காவும் மாறிமாறிப் போன் செய்தது எனக்குக் கேட்கவில்லை. திரையில் 352 வந்தது. ஸ்பீக்கர் காதடைப்பைக் கழற்றிவிட்டு, எனக்குத் தெரிந்து முதல் முறையாக மெதுவாகப் பேசினார். "இது வேற வண்டிங்க," என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கார் போகப் போகிறது என்று தெரிந்தும் சந்தோஷம்தான்.

அந்த நேரத்தில் காவல்துறை ஜீப் வந்து நின்றது. நான் அவர் காரைப் பிரித்துச் சாமான்களை என் காருக்கு மாட்டப் போகிறேன் என்று மாமா புகார் கொடுத்திருந்தார். ஜீப்பிலிருந்து அவரும் இறங்கி என்னைக் காட்டி, "இவன்தான் சார், என் கூடவே இருந்து குழி பறிச்சவன்," என்றார். அதன்பிறகு அவர் கண் திரைக்குப் போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "இது யாரோடது?" என்றார். உங்களுடையதுதான் மாமா என்று சொல்லி, பெட்ரோல் விஷயத்தையும் சொன்னேன். மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார், ஓட்டியதும் மறுபடி 352 வந்தது. மாமா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உடனே விலகி என் முகத்தைப் பார்த்து, "அடப்பாவி, அப்ப உன் வண்டி போயிடுமேடா," என்றார். போகட்டும் மாமா என்றேன். இதற்குள் உதவி ஆய்வாளர், யாரை ஜீப்பில் ஏற்றுவது என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். புகார் பதிவாகிவிட்டதால் வாக்குமூலம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லி எங்கள் இருவரையும் நிலையத்துக்கு அழைத்து வந்தார். வரும் வழியில் மாமா டாக்டருக்குப் போன் செய்து, விற்பதாக இல்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இந்த வாக்குமூலம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது மாமா அக்காவுக்குப் போன் செய்து நாங்கள் நிலையத்தில் இருப்பதைச் சொன்னார், சற்று நேரத்திலேயே வெளியே ஒரு கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அது என் கார். ஓட்டி வந்தது அக்கா. அவள் ஓட்டுநர் உரிமம் எடுத்து அலமாரியில் வைத்தது எனக்குத் தெரியும், ஓட்டி யாரும் பார்த்ததில்லை. தலைமுடி கலைந்து, கன்னமெல்லாம் சிவந்து, வாய் நிறையச் சிரிப்போடு உள்ளே வந்தாள். திருட்டு எதுவும் இல்லை என்று தான் எழுதிக் கொடுத்துவிட்டதாக மாமா அவளிடம் சொன்னார், அதை அவள் காதிலேயே வாங்கவில்லை. தோற்ற கார் என்னுடையதுதான், அதையே விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன்.

"விக்கணும்னு நான் சொன்னது இத ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி," என்றாள். சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள். "ஓவன் மாடிக்கு வருது, உன் ரூம்ல பாதி. வண்டி வேணும்னா எங்கிட்டக் கேட்டு எடு." மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு இதில் முழுச் சம்மதம்.

எங்கள் வீட்டிலிருந்து நிலையத்துக்கு உள்ள தூரத்தையும், அவள் போனை வைத்துவிட்டுக் கிளம்பிய நேரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்த உதவி ஆய்வாளர், அவள் என்ன வேகத்தில் வந்திருப்பாள் என்று என்னிடம் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மற்றபடி மேலே கண்டவை யாவும் நான் சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)