பாக்காம நீட்டுன கை

சாயங்காலம் நாலே முக்கா மணி. ரெண்டு பக்கமும் ஏரித் தண்ணி... நடுவுல உப்பு பூத்த மண் ரோடு. மரம் இல்ல. வீடு இல்ல. ஒரு நாய் கூட இல்ல. ஒன்பது சைக்கிள் மட்டும் வரிசையா போய்க்கினு இருக்குது.

கிட்ட வந்து உக்காருங்கபா. நாளைக்குக் காலைல நீங்களும் போட் ஏறப் போறீங்க, அதனாலதான் சொல்றேன். எவனோ கட்டி விட்ட கதை இல்ல இது. நம்ம சிவபாலனோட சகலை குமாரவேலுக்கு நடந்தது. சிவபாலன் இப்ப இங்க இருந்தா வாயத் தொறக்க விடமாட்டான்.

இதே டூருதான். பழவேற்காட்டு ஏரில தீவு தீவா போட்ல கூட்டிக்கினு போவாங்க. எறங்கி, அங்க வெச்சிருக்கிற சைக்கிள்ல ஒரு சுத்து சுத்திட்டு, மறுபடி போட் ஏறி அடுத்த தீவு. ஒரு ஞாயித்துக்கிழமை காஞ்சிபுரத்துல இருந்து எட்டு பேரு போனாங்க. கைடு லோகேஷு. கழுத்துல விசில், வாய் மூடாத ஆளு. எல்லாருக்கும் ஆரஞ்சு கலர்ல லைஃப் ஜாக்கெட். உப்பு மண்ணு காத்துல பறக்குதுன்னு தலை, மூஞ்சி எல்லாம் துணியால சுத்திக்கினாங்க. கண்ணு மட்டும்தான் தெரியும். போன் எல்லாத்தையும் ஒரு தண்ணி போகாத பையில போட்டு போட்லயே விட்டுட்டாங்க.

குமாரவேலு பொண்டாட்டி இளவரசிக்குத் தண்ணின்னா பயம். சின்ன வயசுல கோயில் குளத்துல முழுகி, நெத்தில ஒரு தழும்போட பொழச்சவ. வரவே மாட்டேன்னுதான் சொன்னா. அவன்தான் விடல. "நான் கூட இருக்கேன்ல, உன் கைய விடமாட்டேன், வா"ன்னான். அந்த ஒரு வார்த்தைய நம்பிதான் கெளம்புனா.

அவன் கைய அவ நம்புனதுல தப்பே இல்ல. பதினோரு வருசமா ரெண்டு பேரும் ஒரே தறில கோர்வைப் பொடவை நெய்யிறவங்க. கோர்வைக்கு ஒத்த ஆளு பத்தாது. பொடவை உடம்புக்கு நூல் ஓட்ட ஒரு நாடா, கரைக்கு வேற ஒரு நாடா. ஒருத்தரு போட, பக்கத்துல உக்காந்து இருக்கிறவங்க வாங்கித் திருப்பிப் போடணும். இவன் கண்ணு நூல் மேலயே இருக்கும். வலது கைய மட்டும் நீட்டுவான். அவ வாங்குவா, குடுப்பா. திரும்பிப் பாக்கிற வேலையே கெடையாது. திரும்புனா இழை தப்பிடும். சோத்துக்குக் கொழம்பு ஊத்துறது, சாவி குடுக்கறது எல்லாம் வீட்ல அப்படித்தான்... பாக்காமலே.

கடைசித் தீவுல ஆளு கெடையாது. குடிக்கத் தண்ணி இல்லன்னு எப்பவோ ஊர காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. மீன்காரங்ககூட அந்தப் பக்கம் போக மாட்டாங்க. ஏன்னு லோகேஷக் கேட்டதுக்கு, "சேறு ஜாஸ்தி சார்"ன்னு மட்டும் சொன்னான்.

ரோட்டுல எல்லாரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரு. கடைசிக்கு முன்னாடி குமாரவேலு. கடைசில இளவரசி. அவ சைக்கிள் செயினு கவர்ல ஒரசிக்கினே வந்திச்சி... கர்ரக்... கர்ரக்... கர்ரக்.

அஞ்சு மணிக்குள்ள போட் எடுக்கணும், தண்ணி எறங்குதுன்னு லோகேஷ் விசில் ஊதுனான். எல்லாரும் வேகமா மிதிச்சாங்க. எதிர்க்காத்து காத அடைச்சிடுச்சி. கொஞ்ச நேரத்துல அந்த கர்ரக் சத்தம் கேக்கல.

சரி, செயின் சரியாயிடுச்சி போலன்னு நெனச்சான்.

தாகமா இருந்திச்சி. ஒரு வாய் குடிச்சிட்டு, பாட்டில வலது கைல புடிச்சி அப்படியே பின்னாடி நீட்டுனான். பாக்கல. வாங்கிக்கினா. ஒரு நிமிசம் கழிச்சி கைய மறுபடி நீட்டுனான். பாட்டில் வந்திச்சி. வாய்கிட்ட கொண்டு போனா நாத்தம்... ஏரி வத்துறப்ப அடி சேத்துல இருந்து கெளம்புமே, அந்த நாத்தம். தண்ணியும் கொறையல. அப்பயாச்சும் திரும்பிப் பாத்திருக்கலாம். பாக்கல அந்தப் படுபாவி.

உண்மைல இன்னா நடந்திச்சின்னா... செயின் கழண்டு அவ அரை மைல் பின்னாடியே நின்னுட்டா. சைக்கிளக் கவுத்துப் போட்டுக்கினு, மை கையோட செயின மாட்டிக்கினு இருந்தா. கூப்ட்டும் பாத்தா. காத்து அந்தப் பக்கம் அடிச்சிக்கினு இருந்திச்சி.

கரைல சைக்கிள எல்லாம் கீத்துக் கொட்டாயில தள்ளிட்டு, முட்டி அளவு சேத்துல எறங்கி ஓடுனாங்க. குமாரவேலு முதல்ல போட்ல தாவி ஏறிட்டான். கண்ணு போட் நடுவுல எடம் இருக்குதான்னு தேடுது. கை மட்டும் பின்னாடி நீண்டிச்சி.

புடிச்சா.

இழுத்தான். கனமே இல்ல. வெறும் சட்டையத் தூக்குற மாதிரி மேல வந்திச்சி. கை சில்லுன்னு, வழவழன்னு இருந்திச்சி. சேறுல்ல, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சான். பக்கத்துல உக்கார வெச்சான்.

லோகேஷ் எண்ணுனான். மூஞ்சியா தெரியுது எண்ணுறதுக்கு? ஆரஞ்சு ஆரஞ்சா எண்ணுனான். "எட்டு. ஓகே, போலாம்." மோட்டார் ஸ்டார்ட் ஆச்சி.

பாதி தூரம் வந்திருப்பாங்க. காத்து சட்டுனு திசை மாறிச்சி. மோட்டார் சத்தத்துக்கு நடுவுல, தண்ணி மேல தேஞ்சி தேஞ்சி ஒரு குரலு...

"ஏங்க... ஏங்க..."

திரும்பிப் பாத்தான். அப்பதான் பாத்தான். கரைல ஆரஞ்சு கலர்ல ஒரு புள்ளி. ஓடுது... சேத்துல விழுது... எழுந்து ரெண்டு கையயும் ஆட்டுது. தண்ணின்னா நடுங்குறவ, இடுப்பு அளவுக்கு எறங்கி நின்னுக்கினு இருக்கா.

மெதுவா பக்கத்துல திரும்புனான்.

பக்கத்துல இருந்தது தன் மூஞ்சித் துணிய எறக்கிச்சி. இளவரசிதான். அதே மூக்குத்தி. அதே தழும்பு, நெத்தில. சிரிச்சா. இடது கைய போட்டுக்கு வெளிய தொங்க விட்டு, தண்ணிய அளஞ்சிக்கினே வர்றா. வலது கை அவன் முட்டி மேல இருந்திச்சி. கொஞ்சம் கொஞ்சமா அழுத்துச்சி.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? எதனா விட்டுட்டு வந்துட்டீங்களா?"ன்னு லோகேஷ் கேட்டான்.

ஒரே ஒரு வார்த்தை போதும்பா. 'திருப்பு'ன்னு. போட் திரும்பி இருக்கும். ஏழு பேரு கூட இருக்காங்க, பகல் வெளிச்சம் இருக்குது. ஆனா திருப்புன்னு சொன்னா, பக்கத்துல இருக்கிறது இன்னான்னும் சொல்லணும். அந்தக் கை அவன் முட்டி மேலயே இருக்குது.

"ஒண்ணும் இல்லபா. நீ போ"ன்னான்.

எனக்கு வயிறு எரியறது இங்கதான். பேய் இன்னா பண்ணும், அது பேயி. இவன் மனுசன்.

வீட்டுக்கு வந்தாங்க. அவளும் வந்தா. கதவத் தொறந்து வெளக்கு போட்டா, சோத்துக்கு ஒலை வெச்சா, எது எங்க இருக்குதுன்னு ஒண்ணு விடாம தெரிஞ்சி வெச்சிருந்தா. திங்கக்கிழமை தறில உக்காந்தா. ஒரு இழை தப்பல. முன்ன ஒரு பொடவைக்குப் பதினஞ்சு நாளு ஆகும்... இப்ப கை அந்த ஓட்டம் ஓடுது. பக்கத்துத் தறிக்காரரு ராமலிங்கம் கூட, "இன்னாபா, டூரு போயிட்டு வந்ததுல இருந்து உன் சம்சாரம் ஜோரா இருக்குது"ன்னாரு. அவ குடம் குடமா தண்ணி குடிச்சா. பாய்ல படுத்தா காலைல பாயி ஈரமா இருக்கும். வேற ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவன் தெனமும் போன எடுப்பான். லோகேஷ் நம்பர் வரைக்கும் போவான். அவ சமையல்கட்டுல பாத்திரம் கழுவுற சத்தம் அப்படியே நின்னுடும். வெச்சிடுவான். மறுபடி கழுவுற சத்தம் கேக்கும். திங்க, செவ்வா, புதன்... நாளு போச்சி. இவன் நல்லா சாப்ட்டான், அதயும் சொல்லணும். சமையல் ருசியா இருந்திச்சாம்.

சனிக்கிழமை காலைல லோகேஷே போன் பண்ணான். அடுத்த பேட்ச்ச கூட்டிக்கினு அந்தத் தீவுக்குப் போயிருக்கான். குரலு ஒடஞ்சிப் போயிருந்திச்சி.

"சார்... இங்க கொட்டாய்க்குள்ள ஒரு லேடி பாடி இருக்குது சார். நம்ம லைஃப் ஜாக்கெட் போட்டிருக்குது. எப்படின்னே தெரியல. நம்ம எட்டு பேரும் வந்துட்டோம்ல சார்? நான் எண்ணுனேன்ல சார்? மேடம் வீட்ல இருக்காங்கல்ல?"

"இருக்கா"ன்னான் குமாரவேலு.

"சரி சார். ஒரு போட்டோ அனுப்புறேன். யாருன்னு எதனா தெரியுதா பாருங்க. போலீஸ் கேக்குறாங்க."

போட்டோ வந்திச்சி. மூஞ்சி வெயில்லயும் உப்புலயும் கருகி, அடையாளம் தெரியல. உதடு வெடிச்சி வாய் தொறந்து கெடக்குது. ஆனா வெரலு முழுக்க செயின் மை. நகத்துக்குள்ள எல்லாம் மை. வலது கை மட்டும் ஏரிப் பக்கமா நீட்டுன மாதிரியே வெறச்சிப் போயிருந்திச்சி.

அவனுக்கு அழுகை வரல. உக்காந்த எடத்துலயே அந்த வெரல பெருசு பண்ணிப் பாத்தான். பின்னாடி ஈரக் கால் நடந்து வர்ற சத்தம். அந்தச் சேத்து நாத்தம். தோளு மேல தாடைய வெச்சி, அவளும் அந்தப் போட்டோவப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"பாவம்..."ன்னா. "வியாழக்கிழமை வரைக்கும் உங்களத்தான் கூப்ட்டுக்கினு இருந்தா."