அட்டிகைக்குள் விழுந்த மீசை

அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் எத்திராஜ் அவர்களே, அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் அடைமழையும் பாராது வந்திருக்கும் பெரியோர்களே, தாலிக்கொடி மின்னத் தரையிலே வீற்றிருக்கும் தாய்மார்களே, இன்று சால்வை பெறப்போகும் படக்கலைஞர் கோதண்டம் அவர்களே, பூந்தமல்லி போட்டோ ஸ்டூடியோ ராஜசேகரனின் பணிவான வணக்கம்.

கோதண்டத்துக்குச் சால்வை போர்த்த என்னை அழைத்திருக்கிறீர்கள். ஊரில் வேறு ஆளா இல்லை? கண்டோன்மெண்டுத் துரைமார்களையும் துரைசானிகளையும் படம்பிடித்த கை இது. இந்தக் கையாலேயே அவருக்குப் போர்த்த வேண்டுமாம். எனக்குப் பொறாமை, சபையோரே. மறைக்கவில்லை, மழுப்பவில்லை. அடிவயிற்றிலிருந்து எரிகிறது.

பின்வரிசையில் யாரது, வேம்புலியா? “அண்ணாத்தே, அந்த மீசை கதைய சொல்லுபா” என்கிறார். சொல்கிறேன், இருமய்யா.

என் மனைவி சாமுண்டீஸ்வரியிடம் ஒரு வெள்ளைக்கல் அட்டிகை உண்டு. அதைப் பூண்டு நிற்கும் படம் வேண்டும் என்றாள். நகை பளபளத்தால் படமும் பளபளக்கும் என்று எண்ணினேன். பூந்திக்கொட்டை ஊறவைத்துத் தேய்த்தேன், துலக்கினேன், துடைத்தேன். வெளிச்சத்துக்காக மக்னீசிய மருந்தைக் கொளுத்தினேன். படார் என்றது. வந்ததா அட்டிகை? கல்லெல்லாம் சுண்ணாம்புத் திட்டு. கண்ணாடியாய்த் துலங்கிய பதக்கத்தின் நடுவிலோ என் காமிராவும் என் மீசையும்.

“இந்தாய்யா, அட்டிகை போட்டுகினு நிக்கிறது நானா, உன் மீசையா?” என்றாள்.

அதன்பின் மேனாம்பேட்டில் அவள் தங்கை கலியாணம். படமெடுக்க வந்தவர் இந்தக் கோதண்டம். என்ன செய்தார்? ஜன்னலுக்குக் குறுக்கே வெள்ளை வேட்டியைக் கட்டினார். வெயில் மெத்தென்று இறங்கியது. காமிராவைச் சுற்றிக் கறுப்புத் துணி, அதன் கண் மட்டும் வெளியே. பொன்னில் எவர் மீசையும் விழவில்லை. உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டால் ஓரத்திலிருந்து ஒளியைத் திருப்பினார். கல்லுக்குக் கல் பொறி பறந்தது. என்னிடம் வேட்டி இல்லையா? என் வீட்டில் ஜன்னல் இல்லையா? எனக்கு ஏன் தோன்றவில்லை?

அந்தக் கலியாணத்தில் அட்டிகையோடு என் மனைவியை அவர் எடுத்த படம் இப்போது என் கூடத்தில், நான் அடித்த ஆணியில் தொங்குகிறது. சோறு உண்ணும்போதெல்லாம் பார்க்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துக் குறை தேடினேன். ஒரு கல்கூடப் பிசகவில்லை. கோதண்டம் அவர்களே, அதைக்கூடப் பொறுப்பேன். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அந்தப் படத்தில் அவள் சிரிக்கிறாள். நான் எடுத்த எந்தப் படத்திலும் அவள் சிரித்ததில்லை. மருந்து வெடிக்குமே என்று கண்ணை இறுக்கிக்கொண்டு நிற்பாள். நானோ அட்டிகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதோ, சால்வையைப் போர்த்துகிறேன். வாழ்த்துகிறேன், எரிச்சல் குறையவில்லை. தாய்மார்கள் நடுவே தலைகுனிந்திருக்கும் சாமுண்டீஸ்வரி, சபையறியக் கேட்கிறேன். நாளைக் காலை ஜன்னலோரம் வந்து உட்கார். வேட்டியை நான் கட்டுகிறேன். மருந்து கொளுத்த மாட்டேன். அட்டிகை வேண்டாம், என்னைப் பார்த்துச் சிரித்தால் போதும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறாமையோடு பேச இடம் தந்த தலைவருக்கும் என் நன்றி. வணக்கம்.