மழையில் தூக்கிய ஷட்டர்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் கிளம்பியதும், கொட்டுகிற மழையில், முன் ஸீட்டு மாமி ஜன்னல் ஷட்டரைத் தூக்கிவிட்டார். சாரல் பின்னால் இருந்த என் மேலும் அடித்தது. பக்கத்தில் இருந்தவர் அவருடைய நாத்தனார் என்பது பேச்சில் தெரிந்தது.

"நனையறேளே மன்னி."

"நனையட்டும் லலிதா. பீரியட்ஸ் நின்னதிலேருந்து உடம்புக்குள்ளே அடுப்பு எரியறது. நேத்து சாயங்காலம் வேர்வை தாங்காம பூஜை ரூம்ல ஃபேனைப் போட்டேன், ஏத்தின விளக்கு அணைஞ்சுடுத்து. உங்கண்ணா ராத்திரி வரைக்கும் என்னோட பேசலை."

"டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதினாளே?"

"எழுதினா. குடும்பத்துல மார்புக் கேன்சர் உண்டா, கால்ல ரத்தம் கட்டியிருக்கான்னெல்லாம் கேட்டா. இல்லைன்னேன். ரிஸ்க் கொஞ்சம் உண்டு, உங்களுக்குக் குறைவுதான்னா. வேர்வை அடங்கும், தூக்கம் வரும், எலும்புக்கும் நல்லது, வருஷா வருஷம் வந்து காட்டணும்னா."

"பின்னே என்ன?"

"டப்பாவுக்குள்ளே ஒரு தாள் இருந்தது, கேட்டியா. உங்கண்ணா கண்ணாடி போட்டுண்டு முழுக்கப் படிச்சார். கேன்சர்னு ஒரு வரி இருந்துதாம். டப்பாவை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டார். என் மேல கரிசனமாக்கும்."



"பிரஷருக்கும் ஷுகருக்கும் அண்ணா ஆறு மாத்திரை சாப்பிடறானே, அந்தத் தாளெல்லாம் படிச்சானா?"

"எங்கே படிக்க? மாத்திரை பேரே தெரியாது. நான் பிரிச்சுக் கையில கொடுக்கறேன், அவர் முழுங்கறார்."

"நாளைக்கு முதல்ல அந்த ஆறு தாளையும் கையில கொடுங்கோ. படிச்சு முடிக்கட்டும், அப்புறம் மாத்திரை."